ஊட்டிக்கு வராத சூப்பர் கம்ப்யூட்டர்

என் அருமை மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

இப்போது நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். என் மீசை மேல் ஆணை. நீ இருந்தபோது என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்பாய். அங்கேயும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.

உன் வருஷ நினைவு நாளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னாள் உன் பெண்சாதி, என் தங்கச்சி சரோஜா. நாலு வரியில் அடங்குகிற ஆளா நான்?

முதலில் ஊர்ச் செய்தி. தேயிலைக் கொழுந்து விலை விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கிற யோசனையே அதற்கு இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். நீ நெருப்புப் போட்ட அடுப்பில் பூனை குட்டி போட்டிருக்கிறது. புலிக்குட்டி என்றுதான் நான் சொல்லிவைத்திருக்கிறேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குச் சனம் பழக்கத்தில் வந்து நிற்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை. சரோஜா சோலூர்ப் பக்கம் கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போகிறாள்.

இனி உன் மகள் ஜெயந்தி. கோயமுத்தூரில் ஆராய்ச்சி படிக்கிறாள் இல்லையா? பனிக்காலத்தில் எந்தப் பள்ளத்தில் உறைபனி இறங்கித் தேயிலையைக் கருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். ஒரே ஒரு ராத்திரிப் பனியைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அங்கே இருக்கிற கம்ப்யூட்டருக்கு அடுத்த பனிக்காலமே வந்துவிடும். பெங்களூரில் ஒரு ராட்சசக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதில் இடம் கிடைத்தால் காபி ஆறுவதற்குள் முடியும்.

அதை ஓட்டப் பழக்குவதற்கு ஊட்டிக் கல்லூரி ஒன்றில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பல பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். கடைசி நாள், தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் தன் புரோகிராமைப் பெங்களூர் மிஷினில் ஓட்டிக் காட்டணும். ஓட்டியவர்களுக்கு வருஷம் முழுக்க அந்த மிஷினில் நேரம் உண்டு. மற்றவர்கள் அடுத்த வகுப்பு வரைக்கும் காத்துக் கிடக்கணும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெயந்தியின் படிப்பே அந்த ஒரு முறையில்தான் நின்றது.

இதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். உன் மச்சான் வாய் சும்மா இருக்குமா?

பெரட்டுக் களத்தில் கல் மேல் ஏறி நின்றேன். "ஊட்டிக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வந்திருக்கு! நம்ம ஃபேக்டரி ட்ரையரை ஒன்னு மேல ஒன்னா அடுக்கினாலும் அதோட இடுப்புக்குத்தான் வரும். அது குடிக்கிற கரண்டுக்குப் பைக்காரா அணையில தண்ணி பத்தலை. சூட்டுல எரிஞ்சு போயிரும்னுதான் குளிர் ஊருக்குக் கொண்டாந்திருக்காங்க. அதுக்குப் பெரிய தொரை யாரு தெரியுமா? நம்ம முத்தையா மக!"

"அது கொழுந்து விலை எப்ப ஏறும்னு சொல்லுமாண்ணே?" என்றாள் அடுத்த லயத்து வரிசைவீட்டுக் காளியம்மா.

"விலையா? ஏலம் போடுறவன் தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள சொல்லிப்புடும்!"

அவள் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று மூட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கல்லை விட்டு இறங்கவில்லை.

கடைசி நாள் லயமே சால்வை போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் புளுகு வெளியே வந்துவிடுமே! வாசலைக் காட்டித் திருப்பிவிடலாம் என்று ராஜா மாதிரி முன்னால் நடந்தேன். அவர்கள் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்விட்டார்கள். அப்போது ஜெயந்தியின் முறை.

"எங்கடி அந்த மிஷினு? இங்க போஸ்ட் ஆபீஸ்ல இருக்கிற பொட்டி மாதிரில்ல இருக்கு?" என்றாள் காளியம்மா.

"அது பெங்களூர்ல இருக்குக்கா. இந்த வயர் வழியா வேலை குடுக்கிறோம்."

"அம்மாம் பெரிசு வயருக்குள்ள எப்படிடி போகும்?"

ஆராய்ச்சிக்காரர்கள் சிரித்தார்கள். காளியம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை. "சரி, எங்கிட்டோ இருக்கட்டும். விலை எப்ப ஏறும்னு கேட்டுச் சொல்லு. நாங்க இருக்கிறதா, போறதா?"

அவர்களை வெளியே அனுப்பிவிட்டு உன் மகள் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். நாற்காலி இழுத்துப் போட்டு அவர்களை உட்காரவைத்தாள்.

"அக்கா, அது சோசியம் பாக்காது. கங்காணி மலையை நிரை நிரையாப் பிரிச்சு ஆளுக்கு ஒன்னாக் குடுப்பாருல்ல? அப்படித்தான் என் கணக்கைப் பிரிச்சு அதுகிட்டக் குடுக்கிறேன். எல்லா நிரையும் ஒரே நேரத்துல நடக்கும், அதான் வேகம். பனி எங்க இறங்கும்னு கேக்கலாம். விலை மனுசங்க வைக்கிறது. அது எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது."

"அப்ப உங்க மாமா சொன்னது?"

வகுப்பு நடத்திய மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "யாருங்க இவங்களை உள்ள கூட்டிட்டு வந்தது?"

நான் மூலையில் டீ ட்ரம்முக்குப் பின்னால் டஸ்ட் தூள் அளவுக்குச் சுருங்கியிருந்தேன். ஜெயந்தி என் பக்கம் கையை நீட்டினாள். "எங்க மாமாங்க மேடம். அம்மா கூடப் பொறந்தவரு."

எல்லோரும் சிரித்தபடியே திரும்பினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்காரன் மாதிரி டம்ளர் கழுவ ஆரம்பித்தேன். தலை நிமிரவில்லை. அதற்குள் அவள் முறை முடிந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் பேர் வாசித்தார்கள். ஜெயந்தி பேர் இல்லை.

பஸ்ஸில் அவள் திட்டவில்லை. "காளியம்மாக்காகிட்ட மட்டும் நீங்களே போய் உள்ளதைச் சொல்லிருங்க மாமா" என்றாள். போனேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாதும்மா. நான்தான் புளுகினேன்."

"போண்ணே! விலை அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தொரைமாருங்க வாயை அடைச்சுட்டாங்க. நீ அவளைக் காப்பாத்தப் பாக்கிற."

பொய்யைப் பூப்போல வாங்கிக்கொண்ட லயம், உண்மையைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்கிறது. குழாயடியில் சரோஜாவோடு யாரும் பேசுவதில்லை. உன் மகள் ஊருக்கே துரோகி ஆகிவிட்டாள். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னை அடித்திருப்பாயா? அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மேடம் நாளை வரைக்கும் ஊட்டியில்தான் இருக்கிறார். விடிந்ததும் போய், டம்ளர் கழுவியவன் நான்தான், அந்தப் பிள்ளையின் முறையைக் கெடுத்தவனும் நான்தான் என்று சொல்லி இன்னொரு முறை கேட்கப்போகிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், திரும்பி வந்து காளியம்மா நம்புகிறவரைக்கும் பெரட்டுக் களத்தில் உள்ளதை மட்டும் சொல்வேன். கல் மேல் ஏறமாட்டேன். தரையில் நின்றே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இந்தக் கடிதத்திலும் வழக்கம்போல நிறையக் கூட்டியிருக்கிறேன், கழித்துக்கொள். ஒரு சின்ன இடத்தில் மட்டும் கை வைக்காதே. அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, "எங்க மாமாங்க" என்று உன் மகள் சொன்னாள். குரல் தாழாமல் சொன்னாள். அது அப்படியே நடந்தது.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஜெயந்தியின் தாய்மாமன்
பொன்னுச்சாமி