கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம்

அக்கா,

இன்று காலை முதல் நம் பிரான்காச்சோப் பகுதி முழுவதிலும் ஒரு புறாவைக் காணவில்லை. உன் மகன் கவின் தன் ஹாக்கிக் கையுறைகளைப் பால்கனியில் காயப்போட்டிருக்கிறான். எட்னா மலை குமுறியபோதுகூட அசையாத புறாக்கள் அந்த மணம் தாங்காமல் குடிபெயர்ந்துவிட்டன. மேல்வீட்டு இத்தாலிய அம்மா இரண்டுதரம் எட்டிப் பார்த்து, எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார். நீ போய் ஒரு வருடம்; வெள்ளிக்கிழமை உன் ஆட்டைத் திவசம். அதற்காகத்தான் பிள்ளை வடக்கிலிருந்து வந்திருக்கிறான். நீ இருந்திருந்தால் அந்தக் கையுறைகளை மூன்று தண்ணீரில் கழுவி, ஊதுபத்தியும் காட்டியிருப்பாய்.

உலகில் ஐஸ் ஹாக்கிக்காரன் பிறக்கவே கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது பலெர்மோதான். இங்கே பனிக்கட்டி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இருப்பது. சோழர் கப்பலேறிக் கடாரம் வரை போனார்கள்; அவர்களில் ஒருவராவது பனிக்கட்டிமேல் சறுக்கிப் போய் எதிரியைச் சுவரோடு இடித்ததாகக் கல்வெட்டு இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவன் உன் மகன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ வேலை செய்த கால்சாப் பகுதி வீட்டின் எஜமானி, சிஞ்ஞோரா. தன் பேரனுக்குச் சின்னதாகிவிட்ட சில்லுப் பூட்டிய சறுக்குச் சப்பாத்தைக் கவினுக்குக் கொடுத்தார். அவனுக்கு எட்டு வயது. கடற்கரைப் பாதையில் முதல்நாள் நானூறு தரம் விழுந்தான். பதினொன்றுதான் என்று நீ திருத்துவாய். சரி, பதினொன்று. பதினான்கு வயதில் அவன் சில்லு ஹாக்கி ஆடுவதைப் பார்த்து, வடக்கே மலையடிவாரத்து ஐஸ் ஹாக்கிக் கழகம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. அத்தான் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அனுப்பினாய். ரயில் நிலையத்தில் அவன் பைக்குள் மிளகாய்த்தூள் போத்தலைத் திணித்தாய். ரயில் போனதும் என்னைப் பார்த்து, "இனி இவன்ரை முகத்தை எப்ப பாக்கிறது?" என்றாய். வாய் ஓயாத நான் அன்று உன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பத்தொன்பதில் முதல் ஒப்பந்தம். சம்பளத்துக்கு விளையாடும் வீரன். அந்த முதல் ஆட்டத்தை நாம் பார்த்தது நினைவிருக்கிறதா? போனை ரைஸ் குக்கரில் சாய்த்துவைத்து, நீ கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தாய். திரையில் ஒரேமாதிரித் தடித்த உடுப்பும் தலைக்கவசமுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் எறும்புபோல ஓடினார்கள். கவின் ஒருவனைத் தடியால் கொழுவி விழுத்த, நடுவர் விசில் ஊதி அவனை ஓரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்பினார். இரண்டு நிமிடத் தண்டனை. ஏன் இவனை மட்டும் தனியாக இருத்துகிறார்கள் என்று நீ கேட்டாய்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் என் வாய் தன்பாட்டில் புறப்பட்டுவிட்டது. அது மரியாதைக்குரிய ஆசனம் என்றேன். கோயில் திருவிழாவில் செலவேற்ற உபயகாரரைத் தனியே நிறுத்திக் காளாஞ்சித் தட்டு கொடுத்து மரியாதை செய்வதுபோல, சிறந்த வீரனைத் தனியே இருத்திக் களைப்பாற்றுவார்கள்; கதவு திறந்துவிடவே சம்பளத்துக்கு ஒருவன் நிற்கிறான் பார் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நீ அந்தச் சந்தோசத்துக்கு எல்லோருக்கும் கடலை கொடுத்தாய். போனில் கவினுக்கும் சொன்னாய். அவன், "ஓம் அம்மா" என்றானாம். பிறகு எனக்கு எடுத்து, "மாமா, உங்களைக் கடலிலை தள்ளவேணும். ஆனால் அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் பெட்டிக்குள் குடியிருந்தான். ஓர் ஆட்டத்தில் நான்குதரம். மாசியில் பயிற்சியாளர் கூப்பிட்டு, இப்படியே போனால் ஆட்டப் பருவம் முடிய வேறு கழகம் பார் என்றுவிட்டார். அவனை எடுக்க வேறு கழகமும் இல்லை. அதை என்னிடம்தான் சொன்னான். வேண்டுமென்று செய்கிறாயா என்று கேட்டேன்.

"வேணுமெண்டில்லை மாமா. ஆனால் நடுவர் கையைக் காட்டினவுடனை, இப்ப அம்மா சந்தோசப்படுவா எண்டு ஒரு நினைப்பு வருது."

என் ஒரு பொய் பிள்ளையின் பிழைப்பையே தின்னப்போகிறது. அடுத்தநாள் காலை உன்னிடம் வந்தேன். நீ சிஞ்ஞோராவின் மேசைவிரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். நான் ஆதாம் ஏவாள் காலத்திலிருந்து முன்னுரை தொடங்கி, ஒரு மணிநேரம் சுற்றி, கடைசியில் பெட்டிக்கு வந்தேன். நீ திரும்பக்கூட இல்லை.

"அது தண்டனை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். சிஞ்ஞோராவின்ரை பேரன் சொன்னவன்."

"பின்னை ஏன் ஊர் முழுக்கக் கடலை குடுத்தனீ?"

"உள்ளுக்கை இருக்கேக்கைதானேடா கமெராவைக் கிட்டவாப் பிடிச்சு முகத்தைக் காட்டுறாங்கள். மற்ற நேரம் எவன் என்ரை பிள்ளை எண்டே தெரியேல்லை. ரெண்டு நிமிசம் அவனை ஒருத்தனும் இடிக்கவும் மாட்டான்."

பயிற்சியாளர் சொன்னதைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாய். கையிலிருந்த விரிப்பை நான்காக மடித்தாய். பிறகு போனை எடுத்தாய். நீ வாழ்க்கையில் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"அப்பன், கோயிலிலை எல்லாரும் உன்ரை பெட்டியைப் பற்றித்தான் கதைக்கினம். கண்ணூறு படும். இனி அதுக்குள்ளை போய் இராதை, என்ன?"

அவன் சிரித்தது எனக்கும் கேட்டது. நாற்பது வருடம் பொய்யில் பயிற்சி பெற்ற எனக்கே அப்படி ஒன்று வந்திருக்காது. அதன்பின் பருவம் முடியும்வரை அவன் ஒருதரம்கூடப் பெட்டிக்குள் போகவில்லை. நீ ஆட்டம் முழுவதும் திரைக்குக் கிட்டக் குனிந்து, எந்தத் தலைக்கவசம் அவனுடையது என்று தேடிக்கொண்டே இருந்தாய். வைகாசியில் கழகம் இன்னும் இரண்டு வருடத்துக்கு அவனை எடுத்தது. ஆடியில், வேலையால் வந்து மத்தியானம் சற்றுச் சாய்ந்த நீ எழும்பவில்லை.

நேற்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது கவின் கேட்டான். "அம்மா கடைசிவரை அதை மரியாதை எண்டுதானே நம்பினவ, மாமா?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாயை எனக்குத் தெரியும். அது ஓடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவன் பிழைப்புக்காக நீ அந்த முகத்தைப் பார்ப்பதையே விட்டுக்கொடுத்தது அவனுக்குத் தெரியாமலே போய்விடுமே. உள்ளதை உள்ளபடி சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தான்.

"நான் அதுக்குள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டெல்லோ இருந்தனான். வெக்கத்திலை."

"எப்பவும் இல்லை," என்றேன். ஒருநாள் பெட்டிக்குள் அவன் தண்ணீர் குடிக்க நிமிர்ந்து, யாரையோ பார்த்துச் சிரித்தான். நீ போனைக் கையில் எடுத்து, மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாய். ஹாக்கிக்காரருக்கு முன்பல் தங்காது என்று கேள்விப்பட்ட நாள்முதல் உனக்கு அதே பயம். "பல்லு முழுக்க இருக்கு" என்று மெல்லச் சொன்னாய். அன்றிரவு மட்டும் நீ வயிறாரச் சாப்பிட்டாய். இதை அவனுக்குச் சொன்னபோது நான் என் பங்குக்கு ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவன் வெங்காயம் வெட்டத் தொடங்கினான். வெங்காயம் அவனுக்கு நல்ல உதவியாக இருந்தது.

இப்போது ஆட்டம் பார்க்கும்போது எத்தனை கோல் என்று எனக்குத் தெரிவதில்லை அக்கா. திரையில் அவன் முகம் எப்போதாவது கிட்ட வந்தால் பல்லைத்தான் பார்க்கிறேன்.

முழுக்க இருக்கு.