அரிசிப் பெட்டியில் விழுந்த வாக்குகள்

பெப். 7, சனி

விடியப்புறமே பனி. இவர் வாசலில் அதைத் தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேலை செய்கிற கடையில் மீன் ரோல்ஸ் இரண்டு தட்டு, மரக்கறி ஒன்று. கை முழுக்க மா.

நாளைக்கு ஊரில் வாக்கெடுப்பு. அபிவிருத்திக் குழுவுக்குத் தலைவர் தெரிவு. இங்கே எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் சிவபாலன் அண்ணை போட்ட நிபந்தனை அது. சனம் இரகசியமாக வாக்குப் போட்டால்தான் ரொறன்ரோவிலிருந்து உதவி போகுமாம். ஜனநாயகம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கும், மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல.

பெட்டி என்னுடையது. அரிசி போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. சோடியாக வாங்கியது. கத்தியைச் சூடாக்கி இரண்டு மூடியிலும் நான்தான் துவாரம் வெட்டினேன். ஒன்று பழைய உடுப்புகளோடு கப்பலில் போனது. மற்றது, பழுதாய்ப் போனால் என்று, இங்கே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெட்டியில் ஒரு ஊரே வாக்குப் போடப்போகிறது.

கடைக்கார அக்கா: "உந்த ஃபிரிட்ஜ் ஒண்டுக்குத்தான் நீர் இன்னும் சொல்லேல்லை, பவளம்."

ஃபிரிட்ஜுக்கும் சொன்னேன்.

பெப். 8, ஞாயிறு

கோப்பி ஆறமுன் ஊரிலிருந்து போன். ராசமலர் வென்றுவிட்டாள். நல்ல வித்தியாசத்தில்.

முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. அவள் சனத்திடம் சொன்னது ஒன்றுதான்: ஊர் முகப்பில் வளைவு வேண்டாம், பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கக்கூசு வேண்டும். வளைவு அண்ணையின் ஆசை. மேலே அவருடைய அப்பாவின் பெயர், வளைவின் படமும் கீறியாகிவிட்டது. தோற்றது அண்ணையின் மச்சான்.

அண்ணைக்கு எடுத்தேன். "பெட்டி நல்லா வேலை செய்திருக்கு, அண்ணை."

"ஓம். பிழையாய் வேலை செய்திருக்கு."

சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

பெப். 10, செவ்வாய்

குளிர் மூக்கைக் கடிக்கிறது. வலது சப்பாத்து ஒழுகுகிறது. பால், மிளகாய்த்தூள், இவரின் இடுப்பு நோவுக்குக் குளிசை.

வாட்ஸப்பில் அண்ணையின் செய்தி. வாக்கெடுப்பு செல்லாது, திரும்ப நடத்த வேண்டும். காரணங்கள்: சனம் விளக்கமில்லாமல் போட்டது. அன்றைக்கு அங்கே மழை. பெட்டி, அரிசிப் பெட்டி.

மூன்றாவது எனக்குச் சுட்டது.

காரில் றேடியோ. ஏதோ ஒரு நாடு, பெயர் பிடிபடவில்லை. தேர்தல் நடந்தது நல்லதாம், வென்றவரைத்தான் ஏற்க முடியாதாம். வெளிநாட்டு அரசுகள் சொல்கின்றன.

இவர்: "உவங்களுக்குத் தங்கட ஆள் வெண்டாத்தான் தேர்தல்."

"எங்கட அண்ணையைப் போலயோ?"

இவர் சத்தத்தைக் கூட்டினார்.

பெப். 15, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம், மில்லிக்கனில், ஒரு கடைக்கு மேல் மாடியில். நான் ரோல்ஸும் மற்றப் பெட்டியும் கொண்டுபோனேன். இவரும் குழுவில் இருக்கிறார்; என்னைப் போட்டதே தேத்தண்ணிக்கு ஆள் தேவை என்றுதான். எனக்குத் தெரியும்.

அண்ணை அஜக்ஸிலிருந்து வர வேண்டும். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசல், பிந்திவிட்டார். கோட்டைக் கழற்றாமலே தொடங்கினார்.

"நாங்கள் ஜனநாயகத்துக்கு எதிரில்லை. சனம்தான் இன்னும் தயாராகேல்லை. அதோட, அவ எந்தப் பக்கத்து ஆள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். ஊரில் றோட்டுக்குக் கிழக்கே இருக்கிற சாதிக்காரரை எங்கள் ஆட்கள் இதுவரை ஒரு கதிரையிலும் இருத்தியதில்லை.

"தெரியும், அண்ணை. கிழக்குப் பக்கம். வெயில் முதல்ல அங்கதான் விழும்."

"பகிடி விடாதையும், பவளம்."

"சரி, பகிடி இல்லை. அவவை ஏற்கிறமோ இல்லையோ எண்டு நாங்களும் பெட்டியில போடுவம். ஊருக்குச் சொன்னதை ஒருக்காச் செய்து பாப்பம்."

மறுக்க முடியவில்லை அவரால். இத்தனை வருடமும் அண்ணையின் முகத்தைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் பேப்பர்த் துண்டை மறைத்து மறைத்து எழுதினார்கள், சோதனை எழுதுகிற பிள்ளைகள்போல. எண்ணினார்கள்.

தோற்றுவிட்டேன். கொஞ்ச வித்தியாசம்தான்.

அண்ணை கை தட்டினார். நான் எழும்பினேன்.

"எனக்கு விருப்பமில்லாத முடிவு. ஆனா ஒத்துக்கொள்ளுறன். வெளியில பனி எண்டு சொல்லமாட்டன், அரிசிப் பெட்டி எண்டும் சொல்லமாட்டன். நீங்கள் உதவியை நிப்பாட்டலாம், அது உங்கட வாக்கு. அவ தலைவி இல்லை எண்டு சொல்லேலாது. அது ஊர்ச் சனத்தின்ர வாக்கு."

கைதட்டல் நடுவில் நின்றது. அண்ணை கண்ணாடியைத் துடைத்தார்.

தட்டை நீட்டினேன். "ரோல்ஸ் ஆறுது. எடுங்கோ."

காரில் இவர்: "நான் உனக்குத்தான் போட்டனான்." வீட்டுக்கு வந்தால் ஒவ்வொருவராகப் போன். எல்லாரும் எனக்குத்தான் போட்டார்களாம். இந்தக் கணக்குப்படி நான் வென்றிருக்க வேண்டும். இனி அண்ணை ஒருவர்தான் பாக்கி.

தோற்றதுதான். ஆனால் இன்றைக்கு என் முதுகு நிமிர்ந்தபடியே இருக்கிறது. இடுப்பில் அந்த நாரிப் பிடிப்பும் இல்லை.

பெப். 17, செவ்வாய்

கொஞ்சம் உருகுகிறது. றோட்டெல்லாம் சேறு.

ராசமலருக்கு நானே எடுத்துச் சொன்னேன், இங்கிருந்து உதவி வராது என்று.

"பரவாயில்லை, அக்கா. தாய்மார் எல்லாரும் சேர்ந்து கக்கூசுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கிட்டம். சங்கத்து ஆக்கள் வளைவைக் கட்டட்டும். கீழால நாங்கள் நடந்து போவம்."

வாயாடி. என்னைப் போல.

"உங்கட பெட்டியைத் திருப்பி அனுப்பட்டோ?"

"வேண்டாம், பிள்ளை. வைச்சிரு. மாதர் சங்கத்துக்கும் தெரிவு வரும்தானே."

போனை வைத்தபின் இவர் மற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், இதில் திரும்ப அரிசியைக் கொட்டவோ என்று. வேண்டாம் என்றேன். சித்திரையில் எங்கள் செயற்குழுத் தெரிவு.