பஞ்சு அடைத்த டப்பா

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என்னுடையது என்னுடன் நலமாகவே இருக்கிறது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநருக்குப் பெண்கள் சிறையின் மருந்தகத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். எச்.ஐ.வி. உள்ள கைதிகள் தவறாமல் மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்ப்பதுதான். தினமும் தனி வரிசையில் நின்றால் யாருக்கு நோய் என்பது சிறை முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒரு மாத மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொடுத்தனுப்பினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால், தையல் பிரிவில் ஒருத்தி பத்து நாளாக விழுங்கவில்லை. இப்படி நிறுத்தினால் பிறகு அதே மருந்துக்கு நோய் அடங்காமல் போகலாம். கூப்பிட்டு அதட்டினேன்.

“நீங்க குடுத்தது டப்பா இல்லம்மா, கிலுகிலுப்பை. கையில எடுத்தாலே அறையில எட்டு பேருக்கும் கேக்குது. ‘மகாராணி கொலுசு போட்டுக்கிட்டு வர்றா’ன்னு படுக்கையை நகர்த்திக்கிறாங்க.”

இரண்டு பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை. டப்பாவில் பஞ்சை அடைத்துக் கொடுத்தேன். காதருகே குலுக்கிப் பார்த்தாள். அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, “இப்பதான் நீங்க படிச்சவங்கன்னு நம்புறேன்” என்றாள். இப்போது எல்லா டப்பாக்களிலும் பஞ்சு இருக்கிறது.

என் கண்ணாடி உறையையும் உங்கள் பழைய சால்வையையும் நான் தங்கியிருக்கும் ஊழியர் விடுதிக்கு அனுப்புங்கள். சால்வையைத் துவைக்க வேண்டாம், சோப்பு மிச்சம். ஞாயிறன்று தொலைபேசியில் பேசும்போது உங்கள் ரத்த அழுத்த மாத்திரை டப்பாவைக் குலுக்கிக் காட்டுங்கள். அதில் பஞ்சு வைக்காதீர்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

மருந்தகம் திறக்கும் மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் மனைவி