ஆலந்தலையில் தங்கிப்போன கோப்பை

தூத்துக்குடி, 1976

அன்புத் தம்பிக்கு,

நேத்து கோயில்ல உன் பெண்டாட்டி ஹில்டா அழுதுக்கிட்டே சொல்லிட்டா. அவளை ஏசாதே.

ஜெயிச்ச ஊர் மறுவருசம் கோப்பையை வள்ளத்துல கொண்டாந்து இறக்குனாத்தான் கால்பந்துப் போட்டி தொடங்கும். கடைசியா ஜெயிச்ச ஒங்க ஆலந்தலை வள்ளம் மறுவருசம் வரல. நீ திமிர்ல வச்சுக்கிட்டேன்னு ஒங்க அத்தான்தான் ஊரெல்லாம் ஏசுனாரு. அதோட போட்டியும் நின்னுச்சு, நீயும் வாரதில்ல. மைதானத்துல இப்போ துறைமுகத்துக் கல்லைக் குவிச்சிருக்கான்.

நடுக்கடல்ல கோப்பை தவறி விழுந்துட்டு, வெக்கத்துல திரும்பிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேலே. நாங்களும் கேட்டிருக்கலாம்.

ஒங்க அத்தான் சாயங்காலமானா ஆலந்தலை வள்ளம் வார பக்கமே போய் நிக்காரு. கேட்டா, காத்து பாக்கேன்னு சொல்லுதாரு.

வெறுங்கையோட வாலே.

உன் அக்கா