சிதம்பரம் சாலையில் எரிந்த மஞ்சள் விளக்கு

இன்று காலை செம்மண்டலம் சிக்னலில் நிற்கும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, அரைவட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத விளக்கு. எந்த டயர், எவ்வளவு குறைந்தது, இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும், எதுவும் சொல்லாது. "உன் வீட்டுக்காரரு மாதிரியேதான்டி. முடியலம்பாரு, என்னா பண்ணுதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு" என்பாய் நீ.

பின் சீட்டில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கினேன். காற்றடிக்கிறவர் நான்கு டயரையும் பார்த்துவிட்டு, "லீக்கு எதுவும் இல்லம்மா. மார்கழிப் பனி, காத்து சுருங்கும். நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு, அவ்ளோதான்" என்றார். சரியாகத்தான் இருக்கும். அவர் அடித்து முடித்த பிறகும் சாவியைத் திருப்பாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமில்லை. அசதி. யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தது, அந்த யாராவது நீதான் என்பதால் பேச முடியவில்லை. வீட்டுக்காரரை உள்ளே விட்டுவிட்டு, டயாலிசிஸ் அறைக்கு வெளியே இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நாற்காலியில் யாரோ ஒருவர் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாம் எப்படி இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதிர் வீடு என்றாலும் அதற்கு முன் நமக்குள் பெரிய பழக்கம் கிடையாது. பெருநாளைக்கு நீ பிரியாணி அனுப்புவாய், பொங்கலுக்கு நான் கரும்பு அனுப்புவேன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் சிதம்பரம் என்றானபோது நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். பஸ்ஸில்தான் போய் வந்தோம். ஒருநாள் திரும்பி வரும்போது தெரு முனையிலேயே அவர் வாந்தியெடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த முறை நாங்கள் கிளம்பும்போது எங்கள் கேட்டுக்கு முன்னால் உன் கார் நின்றது.

"ஏறுங்கண்ணே."

"உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்றேன்.

"சிரமம் என்னா? நான் ஓட்டிப் பழகணும்ல? தனியா ஓட்டுனா போரடிக்குது."

அது பொய். நீ நன்றாகவே ஓட்டுவாய். சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் கணவர் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, யாரிடமும் கேட்காமல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டவள் நீ. "வண்டிய வெளிய எடுக்காத, ரோட்ல டிராபிக் ஜாஸ்தி" என்று அவர் அங்கிருந்து போனில் சொல்லும்போதெல்லாம், "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுப்பாய்.

விளக்கு எரிய ஆரம்பித்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. இரண்டு நாளைக்கு ஒருமுறை எரியும். பங்கில் காற்றடித்தால் அணையும். மறுபடி எரியும். பின்பக்க இடது டயர்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்தாய். பஞ்சர் கடைக்காரர் டயரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஆணி இல்லை, குமிழி இல்லை. "டயரு நல்லாத்தான் இருக்கு. இந்த சென்சார் சமாச்சாரமெல்லாம் இப்பிடித்தான், சும்மாவே எரியும். வேணும்னா லைட்டக் கழட்டி விட்டுர்றேன்" என்றார்.

"வேணாம். எரியட்டும்" என்றாய்.

வண்டியில் வரும்போது அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வருவது என் வீட்டுக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. முன் சீட்டில் இருந்த என் தோளைத் தட்டி, "உன் நெத்தியில இருக்கிற ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அது மேல ஒட்டிடு. நிம்மதியா போவலாம்" என்றார். நான் சிரித்தேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "பொட்டு ஒட்டுனா லைட்டுதாண்ணே தெரியாது. காத்து எறங்கிக்கிட்டேதான் இருக்கும்" என்றாய்.

அந்த நாள்களில் அவரும் அப்படித்தான் இருந்தார். இனிமேல் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லமாட்டார். ஒருநாள் தலைவலி என்பார். ஒருநாள் யாரோ வீட்டுக்கு வருவதாகச் சொல்வார். ஊசி குத்திக் குத்திக் கை கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கவேண்டும். எனக்கும் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சலித்துவிட்டது. இதையெல்லாம் நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது. சாலையில் தண்ணீர் நின்றதால் ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. மழை விட்டதும் கிளம்பினோம். அவருக்கு முகம் வீங்கியிருந்தது, இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. குடிகாட்டைத் தாண்டும்போது விளக்கு எரிந்தது. காலையில்தான் காற்றடித்திருந்தோம் என்பதால் நீ திரும்பத் திரும்ப அதைப் பார்த்தாய். ஆலப்பாக்கத்துக்கு அப்பால் வண்டி இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தாய். டயர் தரையோடு அமுங்கியிருந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டினாய். அதிலும் காற்றில்லை. அதற்கு எந்த விளக்கும் கிடையாது, நாம் யாரும் அதைப் பார்த்ததும் கிடையாது.

"மெதுவா உருட்டிக்கிட்டே போயிடலாமா?" என்று கேட்டேன்.

"முடியாதுடி. டயரு கிழிஞ்சா வண்டி எங்க போவும்னே தெரியாது."

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து அவர் சொன்னார். கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு, மூச்சுக்கு இடையில் சொன்னார். "விடும்மா. எனக்கே போதும்னு ஆயிடுச்சு. ஏதாவது ஆட்டோ வந்தா வீட்டுக்கே திரும்பிடலாம்."

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படியே திரும்பிவிடலாமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவ்வளவு களைப்பு.

நீ அவரைத் திட்டினாய். நீ யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

"ஏண்ணே, வண்டிக்குத்தான காத்து போயிருக்கு? உங்களுக்கா போயிருக்கு? நான் கறிக்கு மசாலா அரைச்சு அப்பிடியே போட்டுட்டு வந்துருக்கேன், உங்கள வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போறதுக்கா? உக்காருங்க பேசாம."

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சாலையின் நடுவுக்கே போய்விட்டாய். இரண்டு பஸ் நிற்காமல் போயின. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போ பிரேக் போட்டு நின்றது. ஓட்டியவர் உன்னைத் திட்டத்தான் தலையை நீட்டினார். காருக்குள் இருந்தவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார். நீ ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து இவரை டெம்போவின் முன் சீட்டில் ஏற்றினீர்கள். காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடியது. என் மடியில் ஃபைல், இவர் தோள் என் மேல்.

"நீ?" என்றேன்.

"வண்டிய உட்டுட்டு வர முடியுமா? நான் பாத்துக்குறேன். போ, போ."

டெம்போவின் பக்கக் கண்ணாடியில் நீ சின்னதாகிக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில், அந்த டயரின் பக்கத்தில்.

அன்று இன்னும் சற்றுத் தாமதமாக வந்திருந்தால்கூடச் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முகமெல்லாம் கறுத்து, உதடு காய்ந்து. மதியத்துக்கு ஒரு வாழைப்பழம் மட்டும் தின்றேன் என்றாய். வந்து உட்கார்ந்ததும், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு விளக்க ஆரம்பித்தாய். புதுச்சத்திரத்திலிருந்து வந்த மெக்கானிக் சக்கரத்தையே கழற்றித் தொட்டித் தண்ணீருக்குள் முழுசாக அமுக்கினாராம். குமிழி டயரிலிருந்து வரவில்லை. ரிம்மின் விளிம்பிலிருந்து வந்ததாம். வெள்ளம் வந்த வருஷம் நம் தெருவில் வண்டி தண்ணீரில் நின்றதில்லையா, அந்தத் துரு. டயர் உட்காரும் இடத்தை அரித்து, மயிரிழை மாதிரி ஓர் இடைவெளி. அதன் வழியாகத்தான் இத்தனை மாதமாகப் போய்க்கொண்டிருந்தது.

"பாவம், அந்த லைட்டு பொய்யே சொல்லலடி. நாமதான் தப்பான எடத்துல தேடிக்கிட்டு இருந்துருக்கோம்."

உள்ளே படுத்திருந்தவரைப் பார்க்கப் போனாய். அவர் உன் முகத்தைப் பார்த்தார். நீ அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "வயிறு பசிக்குதுண்ணே, சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாய். அதன்பிறகு தலைவலி என்றோ, வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்றோ அவர் சொன்னதில்லை.

புது ரிம் போட்டோம். விளக்கு அணைந்தது. நம் பயணங்கள் சாதாரணமாகின. "ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சுத் தோள்பட்ட எறங்குது" என்று நீ சொல்வாய், நான் தைலம் தேய்த்துவிடுவேன். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டு என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு விரட்டினாய். லைசென்ஸ் வாங்கினேன், ஆனால் தெருவைத் தாண்டி ஓட்டவில்லை. "பீரோவுல வச்சு பூஜ பண்றியா?" என்பாய்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்கு முன்னால் கார் வரவில்லை. உன் மகள் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தோள் வலி என்று படுத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆம்புலன்ஸில் நான் உன் கையைப் பிடித்திருந்தேன். கடலூரைத் தாண்டத் தேவையே இருக்கவில்லை, அதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது. அன்று மாலையே உன்னை எடுத்துப் போனார்கள். உன்னைச் சுமந்த சந்தூக் பெட்டி தெரு முனை திரும்பும்வரை பெண்களோடு நின்று பார்த்தேன். நோயாளி வீட்டுக்குள் இருந்தார். நீ போய்க்கொண்டிருந்தாய். யாரிடம் இதற்கு நியாயம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை.

அன்று தவறியதற்காக மறுநாள் போகவேண்டிய சிதம்பரத்துக்கு அவர் வரவில்லை. "அந்தப் பொண்ணே போயிருச்சு. நான் எதுக்குடி?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. நானும் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள், சவுதியிலிருந்து வந்திருந்த உன் கணவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கார் சாவியை நீட்டினார்.

"நீங்க வச்சுக்கங்கக்கா. நான் ஓட்டுறதில்ல, வண்டி சும்மாதான் நிக்கும்."

"அவரு வரமாட்டேங்குறாரு தம்பி."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. "தெனம் போன் எடுத்ததும், அண்ணன் இன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு, அண்ணன் இன்னிக்கு நடந்தாருன்னுதான் ஆரம்பிப்பா. எனக்கு உங்கள எல்லாம் சரியாக்கூடத் தெரியாது. ஆனா அத கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சுக்கா. இனிமே நான் அங்க போனா யாரு சொல்லுவா? நீங்க போயிட்டு வந்து எனக்கு ஒரு போன் போடுங்க."

அவர் போன பிறகு திரும்பினேன். உள்ளிருந்து இவர் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என் சட்டைய எடு" என்றார்.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். போய்ச் சேர்ந்ததும் உன் கணவருக்குப் போன் செய்கிறேன். "சரிக்கா, அல்ஹம்துலில்லாஹ்" என்று வைத்துவிடுகிறார்.

இன்னொன்றும் செய்கிறேன். ஓட்டும்போது ஊர்ப் பெயர்களை நீ உரக்கச் சொல்லிக்கொண்டே போவாய். கண்ணை மூடிக் கிடப்பவருக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியவேண்டுமே என்பதற்காக. "ஆலப்பாக்கம் வந்தாச்சுண்ணே. புதுச்சத்திரம் வந்தாச்சுண்ணே. முட்லூர் வந்தாச்சுண்ணே." ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்பார். நீ போன பிறகு, யாரும் கேட்காமலேயே, நான் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார்.

இன்று காலை புதுச்சத்திரத்தைச் சொன்னேன். அப்புறம் பனியும் அசதியுமாக, என்னவோ, மறந்துவிட்டேன். வாய் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை கடந்துபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"முட்லூர் தாண்டியாச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். கண்கள் மூடித்தான் இருந்தன.

"ம்" என்றேன்.