புரியவில்லை என்று சொன்ன நாள்

நவம்பர் 4, திங்கள்
கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? என்னைத் தவிர இதை யார் படிக்கப்போகிறார்கள்? எழுபத்திரண்டு வயதில், எட்டு மாதமாகத்தான் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போய் எழுதுகிறேன். நாலு வரிக்குள் விரல் வலிக்கிறது. சுகமான வலி!

இன்று என் மகள் சந்தோன் வந்தாள். ஆறு வயதில் சித்தியோடு மேக்கொங் ஆற்றைக் கடந்து நாட்டை விட்டுப் போனவள். இப்போது பிரான்சில் மருத்துவமனைக் கருவிகளுக்கு இன்ஜினியர். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகளில் மூன்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓடாமல் கிடக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்க, வெளிநாட்டில் வாழும் லாவோஸ்காரர்களை அழைத்துவரும் திட்டம் ஒன்று அவளை மூன்று வாரத்துக்கு அனுப்பியிருக்கிறது.

நவம்பர் 5
விடுதியில்தான் தங்குகிறாள். இரண்டு பேருக்கு ஒட்டரிசி வேகவைத்தேன். நான் மட்டும் சாப்பிட்டேன்.

நவம்பர் 7
அவள் வகுப்பில் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வேறு எப்படி அவளைப் பார்ப்பது?

"புரிஞ்சுதா?" என்கிறாள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் பதினொரு பேரும் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷம். ஒருவருக்கும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். புரியவில்லை என்று சொன்னால் சொல்லிக்கொடுத்தவரை அவமானப்படுத்தியதாகிவிடும். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்வார்கள்? எழுத்து வகுப்பில் நானே நாலு மாதம் சும்மா தலையாட்டினேன். ஆறு வயதில் போனவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

நவம்பர் 12
பெட்டியைத் திறந்து "நீங்களே செய்யுங்க" என்றாள். ஒருவரும் கை வைக்கவில்லை. அவர்களில் மூத்தவன் புன்லியங் சிரித்துக்கொண்டே நின்றான்.

வெளியே வந்து என்னிடம் குமுறினாள். "சிரிக்கிறான்ப்பா! ஒருத்தனுக்கும் அக்கறை இல்ல. இப்படியே போனா என்னை இனிமே இங்க அனுப்பவே மாட்டாங்க."

"அது கூச்சத்துல வர்ற சிரிப்பும்மா. அவங்களுக்குப் புரியல."

"புரியலன்னா வாயத் தொறந்து சொல்லணும்ல?"

இனிமேல் அனுப்பமாட்டார்களா? நாற்பது வருஷத்தில் இதுதான் அவள் முதல் வருகை. எனக்கு இன்னொரு நாற்பது வருஷமா இருக்கு?

நவம்பர் 13
பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்குச் செய்துவிடுவது.

நவம்பர் 14
எழுந்து நின்றேன். "டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியல."

பதினொரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சொந்த மகளை, எல்லோர் முன்னாலும்!

"எது புரியலங்க?" பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"மொதல்லேர்ந்து எதுவுமே. சூடு எங்கேர்ந்து வருது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் புன்லியங் தொண்டையைச் செருமினான். "பெரியவருக்காகத்தான் கேக்குறேன் டீச்சர். அந்தச் சின்னக் கம்பி எதுக்கு?" உடனே இன்னொருவன், "அந்த ஃபேனும் தாத்தாவுக்குப் புரிஞ்சிருக்காது டீச்சர்."

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் என் பெயரைச் சொல்லியே எல்லோரும் கேட்டார்கள். என்னைப் போல மடையன் இந்த மாகாணத்திலேயே கிடையாது!

நவம்பர் 17, ஞாயிறு
சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. ஒரு பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

நவம்பர் 22
மூன்றும் ஓடுகின்றன. ஒன்றில் உள்ளங்கை அளவுக் குழந்தை தூங்குகிறது. வகுப்புக்காரர்கள் எங்கள் வழக்கப்படி அவள் மணிக்கட்டில் வாழ்த்து நூல் கட்டினார்கள். என் முறை வந்தபோது கட்ட இடமில்லை. முழங்கைப் பக்கம் கட்டினேன்.

அடுத்து திட்டக்காரர்கள் அவளை வடக்கு மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள். "இங்கதான் கத்துக்கிட்டாங்களே" என்றார்களாம். எழுந்து நின்று பேசி, என் மகளை நானே கிளப்பிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு
வந்தாள். நான் சுட்ட மீனை ருசித்துச் சாப்பிட்டாள்.

"என்னப்பா, பேசாம இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"என்கிட்டயும் தலையாட்டாதீங்க." "செவ்வாக்கெழம பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். அங்கயும் எல்லாரும் புரிஞ்சுதும்பாங்க. மொதல்ல எந்திரிச்சு நிக்க ஒரு ஆள் வேணும்."

"எனக்கு நெசமாவே ஒண்ணும் புரியலம்மா."

"அதனாலதான்ப்பா கூப்புடுறேன்."

வடக்கே குளிராம். போர்வை எங்கே வைத்தேனோ, தேட வேண்டும். அடுத்த வாரம் அங்கே உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன்.