காற்றுக்கு அசையாத ஸ்டாண்டு

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி எல்லோரும் நலம். அங்கே உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. கடல் பறவைகளைப் படம் பிடிக்கிறேன் என்று பாறை உச்சியில் போய் நிற்கிறாய், போன மாதம் காற்றில் கேமரா ஸ்டாண்டு சாய்ந்து கை பிசகியது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து எந்த ஸ்டாண்டு வாங்கலாம் என்று அப்பாவிடம் யோசனை கேட்டாய் பார், அதுதான் வினையாகப் போயிற்று.

லாரி ஓட்டுகிற மனுஷன், எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். கேமராக் கடைக்காரரிடம் பேசிப் பேசியே இரண்டு ஸ்டாண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், பிடிக்காததைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. கடைக்காரர் பாவம், இவரை அறியாதவர். ஒன்று கனத்த அலுமினியம், காலைத் திருகி நீட்ட வேண்டும். மற்றது கார்பன், கிளிப்பைத் தட்டினால் கால் நீளும். இரண்டையும் உப்பும் மணலும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார். திருப்பித் தருகிற சாமானை இப்படியா செய்வது என்று கேட்டால், கழுவித்தானே கொடுக்கப் போறேன் என்கிறார். காய்ந்த பிறகு, குளிரில் நீ கையுறையோடுதானே வேலை செய்வாய் என்று என் பாத்திரம் கழுவும் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திருகுகிறது மணலில் நறநறவென்று பிடித்துக்கொண்டது, கிளிப் வைத்தது சொன்னபடி கேட்டது. ஆனால் அது லேசு, காற்றுக்கு நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். நான் தைக்கிற சீட்டுக் கடையில் கார் சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய ரெக்ஸினில் கல் போட்டுத் தொங்கவிட ஒரு பை தைக்க ஆரம்பித்தேன்.

பை முடியும் வரை பொறுக்க அவருக்கு ஏது பொறுமை. கார்பன் ஸ்டாண்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தி, கேமராவுக்குப் பதில் ஒரு பூசணிக்காயைக் கட்டிவைத்தார். மழைக்கு முன் அடிக்கிற காற்று வந்தது, ஸ்டாண்டு சாய்ந்தது, உன் அப்பா பூசணிக்காயைப் பிடிக்கப் பாய்ந்தார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே பாதி உடம்பு போய்விட்டது, உன் தம்பி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பூசணிக்காய்க்கு ஒரு கீறல் இல்லை. அப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டாண்டு சாய்ந்தும் உன் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அது எப்படித் தப்பித்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாறை விளிம்பில் நீயும் இப்படித்தான் பாய்ந்திருக்கிறாய், எங்களிடம் மறைத்துவிட்டாய். அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை.

கார்பன் ஸ்டாண்டும் பையும் பார்சலில் வருகின்றன. பையில் கல்லை நிரப்பி, ஆடாமல் தரையில் பட்டும் படாமலும் தொங்கவிடு. நடுக்கம்பியை உயர்த்தாதே, ஒரு காலைக் காற்று போகிற பக்கமாக வை. தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துடை. வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு, நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இவ்வளவு செய்தும் ஒரு நாள் அது சாயத்தான் செய்யும். சாய்ந்தால் கேமராவோடு கடலுக்குள் போகட்டும், நீ கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார். கேமரா போனால் அப்பா இன்னும் நாலு நடை லாரி ஓட்டுவார், நான் இன்னும் நாலு சீட்டு தைப்பேன். உனக்கு ஒன்று என்றால் இன்னொரு மகளுக்கு நாங்கள் எந்தக் கடைக்குப் போவோம்?

உன்னைப் பெற்றவள்